'ஃபிரெஷ்' எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது? மீன் லேபிளுக்கும் காற்றுக் குறிப்புக்கும் உதவி தேவை

பாம்பன்_பொதி:
பாம்பன்ல இருந்து வெளியூருக்கு மீனும் கருவாடும் அனுப்ப லேபிள் அடிக்கணும். ஆங்கில வரி இப்படி எழுதி வச்சிருக்கேன்:

1. நெத்திலிக் கருவாடு: 'ஃபிரெஷ் டிரை ஃபிஷ்'
2. நல்ல தண்ணியில அலசி ஐஸ் போட்ட பாறை மீன், ஊளி மீன்: 'ஃபிரெஷ்வாட்டர் ஃபிஷ்'
3. உறைய வச்சு, பிறகு ஐஸ் விட்டுப் போன இறால்: 'ஃபிரெஷ் பிரான்ஸ்'

மூணும் சரியா? இன்னொரு சந்தேகம். ஆங்கிலக் கடல் வானிலைக் குறிப்புல 'ஃபிரெஷ் பிரீஸ்'னு போட்டிருக்கு. மொழிபெயர்ப்புச் செயலி 'புத்துணர்ச்சியான தென்றல்'ங்குது. அப்ப வத்தையை (சின்ன நாட்டுப் படகு) கடல்ல இறக்கலாம்தானே?

கொண்டல்_காத்து:
லேபிள் கிடக்கட்டும் தம்பி, முதல்ல வத்தையை நிறுத்துங்க. அது தென்றல் இல்லை.

காற்றுக்கு ஃபிரெஷ்னு சொன்னா 'வலுவான, வேகம் பிடிச்ச'னு அர்த்தம். கடல்ல காற்றை அளக்கிற போஃபர்ட் அளவுகோல்ல அது 5ஆம் படி: 17 முதல் 21 நாட். ஒரு நாட் மணிக்கு 1.852 கி.மீ., அதனால சுமார் 31 முதல் 39 கி.மீ. நீங்க நினைக்கிற தென்றல் 2, 3ஆம் படி. அங்கே 'லைட்', 'ஜென்டில்'னு எழுதுவாங்க. 4 'மாடரேட்'. 'ஃபிரெஷ்' அதுக்கும் மேல. அடுத்தது 'ஸ்ட்ராங்', 22 முதல் 27 நாட்.

5ஆம் படியில திறந்த கடல்ல அலை 2 மீட்டர் கிட்ட வரும், அலைத்தலை எங்கே பார்த்தாலும் நுரைக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைஞ்சது. அங்கே அலை குட்டையா, செங்குத்தா, அடுத்தடுத்து வரும். சின்ன வத்தைக்கு அதுதான் தொந்தரவு.

இதுல ஒரு பொறி இருக்கு. மீனவர் எச்சரிக்கை பல நேரம் '45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.'னு வரும். ஃபிரெஷ் பிரீஸ் அதுக்குக் கீழே. அதனால எச்சரிக்கை இல்லாத நாள்லயும் இந்தக் காற்று அடிக்கும். சொல்லைப் பார்க்காதீங்க, நாட் கணக்கைப் பாருங்க. பழைய ஆங்கிலக் குறிப்புகள்ல 'ஃபிரெஷ் கேல்'னும் இருக்கும். அது 8ஆம் படி, 34 முதல் 40 நாட். அதையும் செயலி தென்றல்னுதான் சொல்லுமோ என்னமோ.

சொல்_வலை:
அண்ணன் காற்றைச் சொல்லிட்டார், நான் லேபிளுக்கு வருகிறேன்.

ஃபிரெஷ் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்துச் சொல்லைப் பார்த்து, 'எது இல்லை என்கிறார்கள்?' என்று கேளுங்கள். தண்ணீருக்கு: உப்பு இல்லை. மீனுக்கு: உறையவைத்ததும் இல்லை, காய்ந்ததும் இல்லை, கெட்டதும் இல்லை. செய்திக்கு: பழையது இல்லை. ஆளுக்கு: களைப்பு இல்லை, அல்லது அனுபவம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ஃபெர்ஷ்'. 'உப்பில்லாத' என்ற பொருள் அப்போதே உண்டு. நம் கரையில் 'நல்ல தண்ணி, உப்புத் தண்ணி' என்று பிரிக்கிறோமே, அதே பிரிவினைதான். தனுஷ்கோடி மணலில் ஊற்றுத் தோண்டி எடுப்பது ஆங்கிலத்தில் ஃபிரெஷ் வாட்டர். நேற்றே குடத்தில் பிடித்து வைத்திருந்தாலும் அது ஃபிரெஷ் வாட்டர்தான், ஏனென்றால் இங்கே பேச்சு உப்பைப் பற்றியது, நாளைப் பற்றியது இல்லை.

இப்போது உங்கள் 2ஆம் வரி. 'ஃபிரெஷ்வாட்டர்' என்று சேர்த்து எழுதினால் அது பெயரடை. 'ஃபிரெஷ்வாட்டர் ஃபிஷ்' என்றால் குளத்திலும் ஆற்றிலும் வாழும் மீன். கட்லா, ரோகு அந்த வகை. பாறையும் ஊளியும் கடல் மீன்கள், நீங்கள் எந்தத் தண்ணீரில் அலசினாலும். வாங்குகிறவர் குளத்து மீன் என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். 'ஃபிரெஷ் சீ ஃபிஷ்' என்று போடுங்கள்.

1ஆம் வரியில் இரண்டு சொல்லும் முட்டிக்கொள்கின்றன. மீன் பக்கத்தில் ஃபிரெஷ் வந்தால் 'பச்சை மீன்' என்றே படிப்பார்கள், உடனே டிரை வந்தால் குழப்பம். 'டிரைட் ஆன்ச்சவி' போதும். புதிதாகக் காய்ந்தது என்று காட்ட வேண்டுமானால் காயவைத்த தேதியை அச்சடியுங்கள். அதற்காகப் 'பச்சை'யையும் ஃபிரெஷ்ஷையும் எங்கும் ஒன்றாக்கிவிடாதீர்கள். பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணி.

ஐஸ்_பெட்டி:
3ஆம் வரி மொழிப்பிழை மட்டும் இல்லை, சட்டச் சிக்கலும்கூட. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2018 விளம்பர, உரிமைகோரல் விதிகளில் ஃபிரெஷ் என்ற சொல்லுக்கு வரம்பு இருக்கிறது. கழுவுதல், தோலுரித்தல், வெட்டுதல், குளிரூட்டுதல் மாதிரி வேலை செய்யலாம். கெடாமல் இருக்கும் காலத்தை நீட்டும் பதப்படுத்தல் என்றால் அந்தச் சொல் கூடாது. பிடித்தவுடன் சீக்கிரமாக உறையவைத்ததற்கு 'ஃபிரெஷ் ஃப்ரோசன்' அல்லது 'ஃப்ரோசன் ஃப்ரம் ஃபிரெஷ்' போடலாம்.

அதனால் ஐஸ் மட்டும் போட்ட மீன் ஃபிரெஷ்தான். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், 0 முதல் 4 டிகிரிக்குள் வையுங்கள். மைனஸ் 18க்குப் போனது 'ஃப்ரோசன்'. ஐஸ் விட்டுப் போன இறாலுக்கு 'பிரீவியஸ்லி ஃப்ரோசன்' என்று போட்டு, மறுபடி உறையவைக்க வேண்டாம் என்ற வரியையும் சேருங்கள்.

பாம்பன்_பொதி:
புரிஞ்சது, மூணையும் மாத்திட்டேன். வெளிநாட்டு ஆள் ஒருத்தர் 'வீ ஆர் ஃபிரெஷ் அவுட் ஆஃப் கிராப்ஸ்'னு எழுதியிருக்கார். நண்டு புதுசா வந்திருக்குன்னுதானே?

சொல்_வலை:
நேர்மாறு. 'ஃபிரெஷ் அவுட் ஆஃப்' என்றால், இப்போதுதான் தீர்ந்துபோனது. அவரிடம் நண்டு இல்லை, விற்க நினைத்தால் விலை சொல்லுங்கள். ஆனால் பின்னால் இடம் வந்தால் அர்த்தம் மாறும்: 'ஃபிரெஷ் அவுட் ஆஃப் காலேஜ்' என்பது கல்லூரி முடித்துப் புதிதாக வந்தவர். அவரை நாம் ஃபிரெஷர் என்போம். இங்கிலாந்தில் அதே சொல் முதலாண்டு மாணவரைக் குறிக்கும்.

கொண்டல்_காத்து:
வானிலைக் குறிப்புல இன்னொண்ணும் வரும், பார்த்துக்கங்க. 'ஃபிரெஷ் லோ பிரஷர் ஏரியா'ன்னா வலுவான தாழ்வுப் பகுதின்னு அர்த்தம் இல்லை. ஏற்கனவே ஒண்ணு இருந்து, இது புதுசா இன்னொண்ணு. பிரீஸுக்கு முன்னால வந்தா வேகம், தாழ்வுப் பகுதிக்கு முன்னால வந்தா எண்ணிக்கை.