மறுமொழி: ‘மதிப்பீட்டுக் குறியீடு’ வேண்டாம், ‘வடியுரம்’ என்போமா?

ஐயா, நண்பர்களே, வணக்கம். மீன்தொட்டிச் செடிகளுக்கு உரம் போடும் ‘எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்’ என்ற முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில் இது. முதல் மடலில் வந்தது:

> எஸ்டிமேட்டிவ் என்றால் மதிப்பீட்டு, இண்டெக்ஸ் என்றால் குறியீடு. ஆகவே மதிப்பீட்டுக் குறியீடு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. இந்தச் சொல்லை நேற்று அலுவலகத்தில் ஒரு தமிழ் நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். “பங்குச் சந்தையா?” என்றார். மீன்தொட்டிச் செடிக்கு உரம் போடும் முறை என்று விளக்கியபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. ஆங்கிலப் பெயரே பொருளைச் சரியாகச் சொல்லாத பெயர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதன் குறையும் சேர்ந்துதான் வரும்.

முறை என்னவென்று பார்ப்போம். டாம் பார் என்ற அமெரிக்கர் பரப்பியது. தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு என்று சோதனைக் குப்பியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். செடிக்கு எந்தச் சத்தும் குறையாதபடி கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மிஞ்சிய சத்தில் பாதி அதோடு போய்விடும். இவ்வளவுதான்.

“மிச்சம் சேர்ந்துகொண்டே போகாதா?” என்று முந்தைய மடலில் ஒருவர் கேட்டிருந்தார். என் தொட்டி 60 லிட்டர். அதில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம் வெடியுப்பு, கரைந்தால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். வாரத்துக்கு 2 கிராம் போடுகிறேன், ஆக 20. பாதித் தண்ணீரை மாற்றினால் 10 மிஞ்சும். அடுத்த வாரம் 30 ஆகி 15 மிஞ்சும், அதற்கடுத்த வாரம் 35. இப்படியே பத்து வருடம் போட்டாலும் 40-ஐத் தாண்டாது. செடி தின்றதை இந்தக் கணக்கில் கழிக்கவே இல்லை. உரக்கடையில் 13-0-45 என்று அச்சிட்டு விற்கும் பொட்டலம்தான் இது. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

> உத்தேச உரமிடல் என்றோ, நல்ல தமிழில் குத்துமதிப்பு உரமிடல் என்றோ சொல்லலாமே.

டெல்லி நண்பரின் இந்த யோசனை முதல் மடலைவிட எனக்குப் பிடித்திருந்தது. உத்தேசம் வடசொல் என்று நான் சண்டைக்கு வரவில்லை. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் குத்துமதிப்பு என்றால் கை போன போக்கில் அள்ளிப் போடுவது என்றாகிவிடும். இங்கே உரத்தை நிறுத்துத்தான் போடுகிறோம். தண்ணீரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத்தான் அளப்பதில்லை. அதைவிட முக்கியம், இரண்டு சொல்லிலும் பாதித் தண்ணீர் மாற்றுவது விடுபட்டுப் போகிறது. அதை விட்டுவிட்டால் இந்த முறையே இல்லை. பெயரைக் கேட்டதும் வாளி நினைவுக்கு வர வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை குக்கர் கேஸ்கட் பிய்ந்துவிட்டது. சரி என்று பானையில் உலை வைத்தேன். கூடத்தில் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வாளியில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தட்டை வைத்து அழுத்திப் பானையைச் சாய்த்தால் கஞ்சி இறங்கியது. இரண்டும் ஒரே வேலை என்று அப்போதுதான் உறைத்தது. குக்கரில் ஒன்றுக்கு இரண்டரை என்று அளந்து ஊற்றுகிறோம், தப்பினால் குழையும் அல்லது விறைக்கும். பானையில் அந்தக் கவலை இல்லை. தாராளமாக ஊற்றி, வெந்ததும் மிச்சத்தை வடித்துவிடுகிறோம்.

ஆகவே என் முன்மொழிவு: வடியுரம். வடிந்த, வடிகின்ற, வடியும் உரம் என மூன்று காலத்துக்கும் வினைத்தொகையாக நிற்கும். செடி தின்னும் அளவுக்கு மட்டும் கணக்குப் பார்த்துச் சிறுகச் சிறுகப் போடும் மற்ற முறைக்கு அளவுரம். குக்கரும் பானையும் போல இரண்டும் சோடியாக நிற்கின்றன.

மீன்தொட்டியில் ஏற்கெனவே வடிகட்டி இருக்கிறதே, குழம்பாதா என்று யாராவது கேட்பார்கள். வடிகால், வடிகட்டி, வடிசட்டி எல்லாம் ஒரே வேரில் பிறந்து தத்தம் வேலையைப் பார்க்கவில்லையா? யாரும் வடிகாலில் டீ வடிகட்டுவதில்லை.

பெங்களூரில் இருந்துகொண்டு வாரம் 30 லிட்டரைக் கொட்டச் சொல்கிறாயே என்பதுதான் உண்மையான எதிர்ப்பு. நியாயம். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி, பம்பு வைத்து மேடேற்றித்தான் இந்த ஊருக்கு வருகிறது. 2024 மார்ச்சில் காரைக் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைத் தொட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அந்த மாதங்களில் நானும் பயந்துபோய் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து அளவுரத்துக்கு மாறினேன். அளவுதான் தப்பிவிட்டது. ஹைக்ரோபைலா என்ற செடி, நம் நீர்முள்ளிக்கு உறவுக்காரி, அதன் அடி இலைகளில் குண்டூசியால் குத்தியது போலத் துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மஞ்சள் விளிம்பு. சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு. அந்தச் சத்து இலைவிட்டு இலை நகரக்கூடியது, கிழட்டு இலையிலிருந்து பிடுங்கித் தளிருக்குக் கொடுத்துவிடுகிறது செடி. இரும்பு அப்படி எளிதில் நகராது, அது குறைந்தால் தளிர்தான் முதலில் வெளுக்கும். அதற்கு நம் உழவர்களிடம் சோகை என்று அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆளுக்கும் இரும்பு குறைந்தால் சோகை, இலைக்கும் சோகை. இதற்கெல்லாம் போய்ப் புதுச்சொல் காய்ச்ச வேண்டாம் என்று பொதுவாகவே கேட்டுக்கொள்கிறேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, அடியுரம் எல்லாவற்றையும் வயலிலிருந்து அப்படியே தொட்டிக்குள் இறக்கலாம்.

இப்போது வடியுரத்துக்கே திரும்பிவிட்டேன். வடித்த கஞ்சியை யார் கொட்டுகிறார்கள்? ஊரில் மாட்டுக்குப் போகும், இல்லையென்றால் வேட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் பால்கனியில் கறிவேப்பிலைக்குப் போகிறது, மீதி குளியலறையில் ஃப்ளஷ் செய்ய. நைட்ரேட்டுள்ள தண்ணீர், கறிவேப்பிலை கம்பியைத் தாண்டி மேல்வீட்டை எட்டிப் பார்க்கிறது.

ஒரு திருத்தம், சொல்லாமல் விட்டால் யாராவது பிடித்துக்கொள்வார்கள்: மேலே சொன்ன உர அளவு, வெளிச்சம் பலமாக இருந்து, சி.ஓ.டூ.வும் (கரியமில வாயு) ஊதும் தொட்டிக்கு. சாதா விளக்கு, மெதுவாக வளரும் அனுபியாஸ் செடி நாலு என்றிருந்தால் அதில் கால்பங்கே தாராளம்.

தொட்டி மண்ணுக்குள் வேரருகே செருகும் உர உருண்டைகளுக்கு வேர்வில்லையா, வேர்க்குளிகையா என்ற இன்னொரு கேள்வியும் பதில் இல்லாமல் நிற்கிறது. என் ஓட்டு வேர்வில்லைக்கு. குளிகை என்றால் மீனுக்குக் காய்ச்சலோ என்று எங்கள் வீட்டில் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து