இஞ்சி உங்கள் உடம்பில் என்ன செய்தது? மலைக்காரர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி டீச்சர்:
என் மகளுக்கு 16 வயது. மாதவிலக்கு வரும் முதல் நாள் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். எங்கள் ஊர் நவம்பர் மழையில் வீடே விறைத்துக் கிடக்கும்போது அவளுக்கு மட்டும் நெற்றி வேர்த்திருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், கட்டி கிட்டி எதுவும் இல்லை. மெஃபனமிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி கேட்கும்தான். ஆனால் சாப்பிடாமல் போட்டுவிட்டால் வயிறு எரிகிறது என்று இன்னொரு அழுகை.

என் மாமியார்தான் சுக்கை எடுத்தார். முதலில் தோலைச் சீவினார், அதுவும் ஒரு பொட்டு விடாமல். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று சொல்லிக்கொண்டே சீவினார். அப்புறம் அம்மியில் தட்டி, இடித்து, சலித்து ஒரு பாட்டிலில் போட்டு வைத்தார். கால் டீஸ்பூன் தூள், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி. முக்கால் டம்ளராகச் சுண்டியதும் சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்க வேண்டும். நாளைக்கு 3 வேளை, 3 நாள்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. வலி வந்த பிறகு கொடுத்ததால் இருக்கலாம். இரண்டாவது மாதம் தேதி நெருங்கும்போதே, இடுப்பு கனக்க ஆரம்பித்த அன்றே தொடங்கினோம். நான் கணக்கு டீச்சர், சும்மா இருப்பேனா? காலண்டரில் அவளையே வலிக்கு 10-க்கு மார்க் போடச் சொன்னேன். முன்பு 8, 9. சுக்கு குடித்த மாதங்களில் 5, 4, மறுபடி 5. நடுவில் பரீட்சை மாதம் மறந்துவிட்டோம், பழையபடி 8. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 5 மார்க் வலியோடு அவள் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள்.

இதைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இஞ்சி ஹார்மோனையே சரி பண்ணிவிடும், தைராய்டு போகும், நீர்க்கட்டி கரையும் என்று ஆளுக்கு ஒன்று. எனக்கு நம்பிக்கை இல்லை. கேள்விப்பட்டது வேண்டாம், உங்களுக்கே நடந்ததைச் சொல்லுங்கள்.

கூடலூர் விவசாயி:
டீச்சர், நான் இஞ்சி போடுகிறவன், மருந்து தெரிந்தவன் இல்லை. ஆனால் நீங்கள் கடையில் வாங்கும் சுக்கைப் பற்றி ஒரு வார்த்தை.

சித்திரை மழைக்கு நட்டால் ஆறு மாதத்தில் பச்சை இஞ்சியாக எடுக்கலாம். சுக்குக்கு அது ஆகாது. எட்டு ஒன்பது மாதம் போய், தழை மஞ்சளாகிச் சாய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். ரியோ என்று ஒரு ரகம் போடுகிறோம். நல்ல பருமன், நார் குறைவு, பச்சையாக விற்க அருமை. காயவைத்தால் தண்ணீரெல்லாம் போய்ச் சப்பையாகிவிடும். சுக்குக்கு மாரன் மாதிரி ரகம்தான் சரி. அப்படியும் 5 கிலோ இஞ்சிக்கு 1 கிலோ சுக்கு தேறினால் அதிர்ஷ்டம்.

தோல் எடுப்பதற்கு என் அம்மா கத்தியைத் தொட விட மாட்டார். மூங்கில் சிம்பைச் சீவி வைத்திருப்பார், அதால் லேசாகச் சுரண்ட வேண்டும். வாசனை எண்ணெய் எல்லாம் தோலுக்கு நேர் கீழேயே இருக்கிறது. கத்தி ஆழமாக இறங்கினால் சரக்கு தோலோடு குப்பைக்குப் போய்விடும், இரும்பு பட்டால் கறுக்கவும் செய்யும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் நல்ல வெயில். சந்தையில் வெள்ளை வெளேரென்று இருப்பது சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கியது. நான் வீட்டுக்கு அதை எடுக்க மாட்டேன். உடைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும், உள்ளே பூச்சி துளைத்த தூள் கொட்டக் கூடாது.

அனுபவம் என்றால், ஜூன் மழையில் நாள் பூராவும் வயலில் நின்றுவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது, வயிறு கல் மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு துண்டு இஞ்சியை உப்பில் தொட்டு மென்றால் பசி எடுக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஹார்மோன் என் வயலில் விளையவில்லை.

கொடைக்கானல் வேன் டிரைவர்:
வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் வண்டி. டம் டம் பாறை வருவதற்குள் முதல் வாந்தி விழும், இது எனக்கு வாடிக்கை. சீட் கழுவிக் கழுவிக் கை தேய்ந்த பிறகு, டாஷ்போர்டில் இஞ்சி மொரப்பா டப்பா வைக்க ஆரம்பித்தேன். மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே, காட்ரோடு வருவதற்குள் கொடுத்துவிட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மொரப்பாவும் சேர்ந்தே வெளியே வரும்.

எல்லாருக்கும் கேட்கிறதா என்றால் இல்லை. பாதிப் பேருக்குப் பரவாயில்லை. புரோட்டா நாலு சாப்பிட்டுவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டே வருகிறவருக்கு இஞ்சி மூட்டையே கொடுத்தாலும் நடக்காது. அவரை முன்சீட்டுக்கு மாற்றிவிடுவேன்.

தாண்டிக்குடி மருமகள்:
எனக்கு மசக்கை பயங்கரம். ஏழாவது வாரத்திலிருந்து காபிப் பூ வாசனையே ஆகாது. தோட்டம் முழுக்கக் காபிச் செடி வைத்திருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். பூத்திருந்த நாட்களில் ஜன்னலைத் திறக்க விடமாட்டேன்.

இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டுக் குடிக்கிறேன் என்றேன். அத்தை பதறிவிட்டார்கள். இஞ்சி சூடு, கரு நிக்காது தாயி என்று அஞ்சறைப் பெட்டியையே எடுத்து ஒளித்து வைத்தார்கள். கோபம் வரவில்லை. அவர்கள் இரண்டு பிள்ளையைக் கலையக் கொடுத்தவர்கள். டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். நாளைக்கு 1 கிராம் சுக்குத்தூள், அதாவது அரை டீஸ்பூன் அளவைத் தாண்டாமல், பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், இரத்தப்போக்கு ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும், பிரசவம் நெருங்கும்போது வேண்டாம் என்றார். அதன் பிறகு அத்தையே காலையில் எழுவதற்கு முன்னால் ஒரு ரஸ்க்கும் அரை டம்ளர் இஞ்சித் தண்ணீரும் கொண்டுவந்து கட்டிலில் கொடுத்தார்கள்.

வாந்தி நின்றதா? குமட்டல் நன்றாகக் குறைந்தது, வாந்தி ஆறு தடவை என்பது நாலு ஆனது. சோறு கொஞ்சம் தங்கியது. அதுவே எனக்குப் பெரிய விஷயம். பிள்ளை பிறந்த பிறகு அதே அத்தை கிலோ கணக்கில் சுக்குப் போட்டுப் பிரசவ லேகியம் கிண்டி என்னைத் துரத்தித் துரத்தி ஊட்டினார்கள், அது வேறு கதை.

ஊட்டி ஹாஸ்டல்:
அண்ணா, அக்கா எல்லாரும் சிரிக்கக் கூடாது. இஞ்சிச் சாறு குடித்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். வெறும் வயிற்றில் அரை டம்ளர் பச்சைச் சாறு, பத்து நாள். ஏறியது நெஞ்செரிச்சல் மட்டும்தான். பதினோராம் நாள் மோர் குடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஊருக்குப் போனபோது பாட்டி கேட்டார், “சாற்றைத் தெளிய வைத்தாயாடா?” என்று. சாறு எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி மண்டி படியுமாம், அதை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் இறுத்து, தேன் விட்டு ஒரு ஸ்பூன்தான் குடிக்க வேண்டுமாம். வீடியோக்காரர் அதைச் சொல்லவே இல்லை.

பெருமாள்மலை அக்கா:
தம்பி, உனக்கு நெஞ்செரிச்சலோடு போயிற்று. எனக்குத் தைராய்டு குறைவு, ஆறு வருடமாக மாத்திரை. போனில் வந்த ஒரு செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தினேன், தினமும் இஞ்சித் தண்ணீர். முதல் இரண்டு வாரம் உடம்பு லேசாக இருப்பது போலத் தோன்றியது. அப்புறம் முகம் உப்பி, பகலிலேயே கண் சொக்க ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. இரண்டு மாதம் கழித்து இரத்தம் கொடுத்துப் பார்த்தால் 3-இல் இருந்த டி.எஸ்.எச். 21. தைராய்டு குறையக் குறைய ஏறும் அளவு அது. டாக்டர் திட்டக்கூட இல்லை, பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விடியற்காலை 5 மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை, 6 மணிக்குச் சுக்குக் காபி. இரண்டும் அதனதன் நேரத்தில். சுக்குக் காபியை விடவில்லை. எங்கள் குளிருக்கு அது இல்லாமல் எழவே முடியாது.

குன்னூர் நர்ஸ்:
வரிசையாகப் படித்தேன். டீச்சர், உங்கள் மாமியார் கை வைத்தது சரியான இடம்தான். மாதவிலக்குக்கு முன்னால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கும்போது கருப்பையின் உள்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறும். கருப்பையை முறுக்கிப் பிழிவது அதுதான், சிலருக்குக் கூடவே வாந்தி, பேதி வருவதும் அதனால்தான். மெஃபனமிக் ஆசிட் அது உண்டாவதைத் தடுக்கிறது. இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சராலும், காய்ந்து சுக்காகும்போது அதிலிருந்து உண்டாகும் ஷோகாலும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கின்றன. ஷோகாலுக்குக் காரம் அதிகம். மாமியார்கள் பச்சை இஞ்சியை விட்டுச் சுக்கைத் தேடுவது சும்மா இல்லை.

2009-இல் ஈரானில் 150 மாணவிகளை மூன்று பிரிவாகப் பிரித்து இஞ்சித்தூள், மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் கொடுத்துப் பார்த்தார்கள். இஞ்சி 250 மில்லிகிராம், நாளைக்கு 4 வேளை, 3 நாள். மூன்று பிரிவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தது. ஆக இது வலி உண்டாக்கும் பொருளைக் குறைக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனையோ தைராய்டையோ தூக்கி நிறுத்துவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் பேச்செல்லாம் பெரும்பாலும் எலிகளோடு நிற்கிறது, தம்பி.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்கு இருதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை. மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, எனக்குத் தெரியாமல் தினம் மூன்று நான்கு ஸ்பூன் சுக்குத்தூள் சாப்பிட்டிருக்கிறார். பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் நிற்கவில்லை. பரிசோதித்தால் இரத்தம் உறையும் நேரம் எக்கச்சக்கமாக நீண்டிருந்தது. சுக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நிறுத்தினோம், மாத்திரை அளவையும் சரிசெய்தார்கள், சரியாகிவிட்டது. ரசத்தில் போடும் இஞ்சி வேறு, ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவது வேறு. சர்க்கரை மாத்திரைக்காரர்களும் பித்தப்பையில் கல் இருப்பவர்களும் அளவுக்கு மேல் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர், ஒன்று மட்டும். மகளுக்கு வலி மாதத்துக்கு மாதம் கூடினாலோ, மற்ற நாட்களிலும் வலித்தாலோ, சுக்கைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள், மறுபடி காட்டுங்கள்.

கோத்தகிரி டீச்சர்:
நன்றி நர்ஸம்மா. காலண்டர் மார்க்கை அடுத்த தடவை டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டப்போகிறேன். பெருமாள்மலை அக்கா சொன்னதை மகளை விட்டு மாமியாருக்கு வாசிக்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்? நான் சொல்லவில்லையே” என்றார்.

கூடலூர் அண்ணா, அந்த மூங்கில் சிம்புச் சுக்கு ஒரு கிலோ கிடைக்குமா?

கூடலூர் விவசாயி:
ஜனவரியில்தான் வெட்டு. காய்ந்து வர மாசி ஆகிவிடும், அதுவரை கடைச் சுக்கை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். இந்த வருடம் அழுகல் நோய் ஒரு பாத்தியைத் தின்றுவிட்டது, மிச்சத்தில் உங்களுக்கு ஒரு கிலோ எடுத்து வைக்கிறேன். மேல்தோலைத்தான் சுரண்டித் தருவேன், இஞ்சி விரல்களின் இடுக்கில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதை உங்கள் மாமியார் பார்த்துக்கொள்வார்.