ஃபிளாஷில் இடமில்லை: சிஸ்கோ 2960 சுவிட்சில் எதை அழிக்கலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் ஹாஸ்டலில் உள்ள சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சின் ஐஓஎஸ்ஸை (அதன் இயக்க மென்பொருள்) 12.2-இலிருந்து 15.0-க்கு மாற்ற வேண்டும். புது இமேஜ் (அந்த மென்பொருளின் ஃபைல்) சுமார் 12 எம்பி. டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் முறை) வழியாக காப்பி செய்தால் ஃபிளாஷில் (சுவிட்சின் நிலையான சேமிப்பகம்) இடம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. 'டிர் ஃபிளாஷ்:' கொடுத்தால் மொத்தம் 32514048 பைட், காலி 4 எம்பி சொச்சம்தான். பழைய இமேஜ் ஃபோல்டர்கள் இரண்டு கிடக்கின்றன. ஒன்றை 'டெலீட்' கொடுத்தேன், அழிய மறுக்கிறது. பிள்ளைகள் எல்லாருக்கும் இணையம் இதிலிருந்துதான் போகிறது, கை வைக்கவே பயமாக இருக்கிறது.

பதில் 1:
வெறும் 'டெலீட்' ஃபைலுக்குத்தான். ஃபோல்டருக்கு 'டெலீட் /ஃபோர்ஸ் /ரிகர்சிவ் ஃபிளாஷ்:' என்று கொடுத்து ஃபோல்டர் பெயரைச் சேருங்கள். 'ஃபோர்ஸ்' போட்டால் சுவிட்ச் திரும்பக் கேட்காது, அதனால் என்டர் தட்டும் முன் பெயரை இன்னொரு முறை படியுங்கள். சுவிட்சின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக்.டெக்ஸ்ட், பிரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட், விலான்.டாட் மூன்றையும் தொடவே வேண்டாம். எந்த ஃபோல்டரிலிருந்து பூட் ஆகிறது என்று 'ஷோ பூட்' சொல்லும்.

கேட்டவர்:
நன்றி. ஆனால் 'ஷோ பூட்'டில் பாத்-லிஸ்ட் (எந்த இமேஜிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) காலியாக இருக்கிறதே?

பதில் 2:
நல்ல வேளை, அழிக்கும் முன் கேட்டீர்கள். லிஸ்ட் காலியாக இருந்தால், ஃபிளாஷில் தேடி முதலில் கிடைக்கும் இமேஜைச் சுவிட்ச் எடுத்துக்கொள்ளும். இப்போது ஓடுவது எது என்று 'ஷோ வெர்ஷன்'னில் 'சிஸ்டம் இமேஜ் ஃபைல்' என்ற வரியில் பாருங்கள்.

நான் ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த இமேஜையே அழித்துவிட்டேன். சுவிட்ச் நிற்கவில்லை, ஏனென்றால் ஐஓஎஸ் ஓடுவது ரேமில். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து ரீலோட் (ரீஸ்டார்ட்) கொடுத்தேன், ஐஓஎஸ் ஏறாமல் 'சுவிட்ச்:' என்ற பிராம்ப்டில் போய் நின்றது. கன்சோல் கேபிளில் எக்ஸ்மோடம் (அந்தக் கேபிளில் ஃபைல் அனுப்பும் முறை) வழியாக 9600 பாட் வேகத்தில் இமேஜை ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. 'செட் பாட் 115200' கொடுத்து, டெர்மினலிலும் அதே வேகத்தை வைத்திருந்தால் அரை மணிக்குள் முடிந்திருக்கும். தவறி அழித்துவிட்டால் ரீலோட் மட்டும் செய்யாதீர்கள், ஓடும்போதே டிஎஃப்டிபியில் இமேஜைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

அப்புறம், புது இமேஜ் வந்ததும் 'வெரிஃபை /எம்டி5' (ஃபைல் கெடாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை) கொடுத்து, சிஸ்கோ டவுன்லோட் பக்கத்தில் உள்ள மதிப்போடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் 'பூட் சிஸ்டம் ஃபிளாஷ்:/' கொடுத்து ஃபைலின் முழுப் பெயரையும் சேர்த்து, 'ரைட் மெமரி' செய்யுங்கள். விலான்.டாட்டை முதலிலேயே டிஎஃப்டிபிக்கு ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்) பட்டியல் அதில்தான் இருக்கிறது.

கேட்டவர்:
இரண்டாவது ஃபோல்டர்தான் ஓடுகிறது. நான் அழிக்கப் பார்த்ததும் அதையேதான்! முதல் ஃபோல்டரை அழித்ததும் 18 எம்பி காலியானது. எம்டி5 ஒத்துப்போனது. இரவு 2 மணிக்கு ரீலோட் செய்தேன். 15.0 வந்துவிட்டது, விலான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மிக்க நன்றி அண்ணா. பழைய 12.2-ஐ இப்போது நீக்கலாமா?

பதில் 2:
ஒரு வாரம் போகட்டும் தம்பி. இடம் இருக்கிறதே, என்ன அவசரம்?