சரிசெய்த இதயத்தை மறுபடி படம் பிடித்தபோது

எனக்கு நான்கு வயதில் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கீழறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையை ஒட்டு வைத்து அகலப்படுத்தினார்கள். அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் வீட்டில் நம்பினோம். பிறகு எடுத்த எக்கோக்களில் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எல்லாம், நுரையீரலுக்குப் போகும் அந்தப் பாதையில் உள்ள நுரையீரல் வால்வில் கசிவு இருப்பதாக எழுதியிருக்கும். நானும் அதை மடித்துக் கோப்பில் வைத்துவிடுவேன்.

இருபத்தொன்பதாம் வயதில் பார்த்த மருத்துவர்தான், அந்தக் கசிவால் வலது கீழறை விரிந்திருக்கிறதா என்று பார்க்க, இதய எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். வலது கீழறை மார்பெலும்புக்கு நேர்பின்னால், பிறை வடிவில் இடது கீழறையைச் சுற்றிக்கொண்டு இருப்பதால், எக்கோவால் அதன் முழுக் கொள்ளளவைத் துல்லியமாகக் கணக்கிட முடிவதில்லை என்று விளக்கினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தேன். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், 'மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னதுதான் என்னைக் களைப்படையச் செய்தது. முடிவில், விரிந்த நிலையில் என் வலது கீழறையின் அளவு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 168 மில்லிலிட்டர் என்று வந்தது. பொதுவாக 160ஐத் தாண்டினால், அறிகுறி இல்லாதவர்களுக்கும் வால்வு மாற்றுவதைப் பற்றி யோசிப்பார்களாம். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே என்றேன். ஆனால் மாடி ஏறும்போது இளைப்பதையே இயல்பென்று பழகி வளர்ந்தவனின் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது?

*

மேலே எழுதியிருக்கும் நண்பருக்கு நடந்ததேதான் எனக்கும், ஒரு வேறுபாட்டுடன். என் நுரையீரல் தமனியில், அதை விரித்துப் பிடிக்கும் உலோக வலைக்குழாயான பழைய ஸ்டென்ட் ஒன்று இருக்கிறது. எம்ஆர்ஐ எடுப்பதில் ஆபத்தில்லை என்றாலும், அந்த உலோகம் இருந்த இடம் மட்டும் படத்தில் கரும்பள்ளமாகத் தெரிந்ததால், பின்னர் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். தொடை வழியாகப் புது வால்வு பொருத்துவதற்கு முன் அது எப்படியும் தேவைப்பட்டது. வால்வை விரிக்கும்போது பக்கத்தில் ஓடும், இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் கரோனரி தமனி நசுங்கிவிடுமா என்று பார்க்க வேண்டுமல்லவா? மார்பெலும்பைக் கட்டிய கம்பிகளை எண்ணி நான் அஞ்சியதுதான் வீண். அவற்றால் தடையில்லை.

*

என் மகளுக்குப் பிறந்த சில நாட்களில், பிறவியிலேயே இடம்மாறி இருந்த பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் சரியாக மாற்றிப் பொருத்தினார்கள். அந்த அறுவையில் நுரையீரல் தமனியின் இரு கிளைகளும் பெருந்தமனிக்கு முன்பக்கம் கவட்டைபோல் வந்து அமைகின்றன. வேறொரு ஸ்கேன் மையத்தில் படம் எடுத்தவர் இதைப் பார்த்துத் திகைத்து, ஏதோ புதுக் கோளாறு என்று எங்களைக் கலங்கடித்துவிட்டார். பையில் இருந்த பழைய அறுவைக் குறிப்பின் நகலை நான் எடுத்து நீட்டிய பிறகுதான், கிளைகள் எங்கேனும் குறுகியிருக்கின்றனவா என்று, பார்க்க வேண்டியதை அவர் பார்க்கத் தொடங்கினார்.