கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காரா, கேம்பர் வேனா? டெல்டாவிலிருந்து பயணம் போக எது ஏற்றது?

வலங்கைமான் வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வின்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைப் பயண வண்டி ஒன்றுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். பெங்களூருவில் ஒருவர் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரையைத் திறக்கக்கூடிய, இருவர் அமரும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை விற்கிறார். ஆர்.சி. புத்தகம் முறையாக இருக்கிறது என்றும், எஃப்.சி. புதுப்பித்து ஓராண்டுதான் ஆகிறது என்றும் சொல்கிறார். ஏறத்தாழ அதே செலவில், பழைய ஃபோர்ஸ் டிராவலர் 3350 ஒன்றை வாங்கி, படுக்கை, சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றித் தருவதாகக் கரூரில் பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் கூறுகிறார்.

பயணம் செய்யப்போவது நானும் என் மனைவியும்தான். அன்றாடத் தேவைக்கு வீட்டில் ஒரு வேகன்-ஆர் இருக்கிறது, அதை விற்கப்போவதில்லை. எங்கள் பயணங்களில் பெரும்பாலானவை டெல்டாவுக்குள்ளேயே அமையும்: மார்கழியில் கொடியக்கரையில் பறவை பார்ப்பது, தரங்கம்பாடிக் கடற்கரை, கங்கைகொண்ட சோழபுரம், விட்டுப்போன பாடல் பெற்ற தலங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மலைப்பக்கம் போக வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. எங்கள் தெருவில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே வேன் வாங்கினால் அதை ஊருக்கு வெளியே தென்னந்தோப்பில்தான் நிறுத்த முடியும்.

எனக்கு இளமையிலிருந்தே கூரை திறந்த வண்டியின் மீது ஆசை. என் மனைவிக்கோ, வழியில் நல்ல கழிப்பறை கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அரசலாற்றங்கரை:

ஐயா, பழைய வண்டி என்றதும் எல்லோரும் முதலில் அச்சுறுத்துவது உதிரிபாகத்தைக் காட்டித்தான். எம்.ஜி.பி.யைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு அவ்வளவு இடமில்லை. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட வண்டி அது. இங்கிலாந்தில் இன்றும் அதற்குப் பாகங்கள் புதிதாகவே செய்து விற்கிறார்கள். நமக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அதிலுள்ள 1798 சி.சி. எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்களில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். அம்பாசடரில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் உங்கள் பக்கம் இன்னும் தொழிலில் இருந்தால், பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி வைப்பதும், டைமிங் பார்ப்பதும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரைச் சரிசெய்வதும் அவருக்குப் பழகிய வேலைகள். இதில் கார்புரேட்டர் இரண்டு. இரண்டையும் ஒத்திசைக்கச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சினைவிடப் பாடியைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும் அது உள்ளே துருப்பிடித்திருக்கக்கூடும். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளி குறுகினாலோ, கதவைத் திறக்கும்போது பிடித்தாலோ, வேறு எதையும் பார்க்காமல் திரும்பிவிடலாம். இருக்கைக்குப் பின்னால் தரைக்கடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அவற்றைத் தாங்கும் தட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஏனென்றால் முதலில் அரிப்பது பெரும்பாலும் அங்கேதான். வாங்கிய பிறகு நாகை, தரங்கம்பாடிப் பக்கம் போய் வந்தால் உப்புக்காற்றின் பொருட்டு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி நம் சாலைகளுக்கு வருகிறேன். அந்த வண்டியின் தரை இடைவெளி ஏறத்தாழ ஐந்து அங்குலம். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி அமைந்தால் எம்.ஜி.பி. தாராளமாகத் தாண்டும். நம் கிராமங்களில் ஒரே இரவில் முளைக்கும் தடைகள் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. வாய்க்கால் மதகுகளின் மேலுள்ள சின்னப் பாலங்களில் ஏற்றமும் இறக்கமும் செங்குத்தாக இருப்பதால், இருவர் அமர்ந்த நிலையில் சைலன்சர் உரசுவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆனால் நான் உண்மையில் எச்சரிக்க விரும்புவது வேறொன்றை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல்லையும் வைக்கோலையும் சாலையில் பரப்பிவிடுகிறார்கள்; பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியும் பயறும் சாலைக்கு வந்துவிடுகின்றன, போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. உயரமான வண்டிகளுக்கே அது தொல்லைதான். இவ்வளவு தாழ்ந்த வண்டியில் அந்த வைக்கோலும் செடியும், எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாயில் ஒட்டினால் தீப்பிடிக்கும். அந்த மாதங்களில் உட்சாலைகளைத் தவிர்த்து நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுங்கள்; தவறிப்போய் வைக்கோல்மேல் ஏறிவிட்டால், கடந்தவுடன் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்துவிடுங்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பெட்ரோலையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்க்குகளில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களும் கார்புரேட்டர் சீல்களும் அதற்குத் தாங்காமல் இளகிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிய பிறகே நெடும்பயணம் புறப்படுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் என் வாக்கு எம்.ஜி.பி.க்குத்தான். ஆடி மாதத்தில், ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடும்போது, மாலை ஐந்து மணிக்குக் கூரையைத் திறந்துவிட்டு ஆற்றங்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கென்றே செய்த வண்டி போலிருக்கும் அது.

வெண்ணாற்றுப் படுகை:

வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் டிராவலர் கேம்பர் ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். தங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் ஆண்கள் அதைக் கடைசியில்தான் பேசுவார்கள். வேனில் கேசட் வகைக் கழிப்பறை, அதாவது கழிவுத் தொட்டியைத் தனியே கழற்றி எடுக்கக்கூடியது, வைக்கலாம். எங்களிடம் இருப்பதும் அதுதான். நடுவழியில் அது பெரும் நிம்மதி. ஆனால் அதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி உடன் வரும். நம் பகுதியில் கேம்பர்களுக்கென்று கழிவு கொட்டும் இடம் எதையும் நான் பார்த்ததில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து செப்டிக் டேங்கில்தான் கொட்டுகிறோம். அதைச் சுமந்துகொண்டு வரப்போவது யார் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

அடுத்தது சட்டம். பட்டறைக்காரர் ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொல்வதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. கேம்பர் என்பது தனியார் பயன்பாட்டு வண்டி வகைகளில் ஒன்றாகவே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் உண்டு. ஆகவே வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, முடிந்தபின் ஆர்.சி.யில் அந்த வகையைப் பதிய வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

ஏ.சி. பற்றிப் பட்டறைகளில் சொல்லும் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். கூரை ஏ.சி. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் இழுக்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 2.4 கிலோவாட் மணி மின்சாரம். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடினாலும் விடியும்வரை தாங்காது. சித்திரை வெயிலில் நாள் முழுவதும் காய்ந்த தகரப் பெட்டிக்குள், கொசுவலை இருந்தும் காற்று இல்லாமல் படுப்பது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின் இணைப்பு தரும் கல்யாண மண்டபமோ, தெரிந்தவர் வீட்டு வாசலோ கிடைத்தால்தான் நல்ல தூக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு தொல்லை: படுகை மண் நனைந்திருக்கும்போது தார்ச்சாலையை விட்டு இறக்கினால் பின்சக்கரம் புதைந்துவிடும், பிறகு டிராக்டர்தான் வர வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் குறிப்பிட்ட இடங்களுக்குப் படுக்கையோடு கூடிய வண்டியே தேவையில்லை. வலங்கைமானிலிருந்து கொடியக்கரை நூறு கிலோமீட்டர் அளவுதான். தரங்கம்பாடி அதைவிட அருகில். எங்கே போனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். திரும்ப மனமில்லை என்றாலும் நம் பக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஓர் உறவினர் இருப்பார், அவர் வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு வேனுக்குள்ளேயே படுத்தால் அந்த வருத்தம் அடுத்த தலைமுறைவரை நீடிக்கும். கொடியக்கரைச் சரணாலயத்துக்குள் இரவில் வண்டி நிறுத்தித் தங்கவும் இயலாது. விடியலில் பூநாரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வேதாரண்யத்தில் அறை எடுப்பதே எளிது. எங்களுக்கு வேன் உண்மையில் பயன்படுவது ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணித் திருவிழா, தை மாதத்தில் திருவையாறு ஆராதனை போன்ற, அறையே கிடைக்காத நாட்களிலும், மாநிலம் தாண்டிப் பல நாட்கள் போகும்போதும்தான். 2028 மகாமகத்தின்போது எங்கள் வேனில் இடம் கேட்டு இப்போதே இரண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கொள்ளிடத்தான்:

வேன் பக்கம் மனம் சாய்ந்தால், வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. அங்கே வாடகைக்குக் கேரவன்கள் கிடைக்கின்றன. ஓரிரு இரவு உங்கள் மனைவியும் அதில் தங்கிப் பார்க்கட்டும். மலைப்பயணம் என்றால் ஒரே ஒரு வார்த்தை: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டிராவலர் ஓட்டுவது உழைப்பு, எம்.ஜி.பி. ஓட்டுவது கொண்டாட்டம். இறங்கும்போது மட்டும் பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியரில் வாருங்கள்.

வலங்கைமான் வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. வெண்ணாற்றுப் படுகை அம்மாவின் பதிலை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். கழிவைச் சுமப்பது யார் என்ற இடத்திலேயே வேன் பேச்சு முடிந்துவிட்டது. நீண்ட பயணத்துக்கு வேகன்-ஆரும் விடுதி அறையும் போதும் என்று மனைவி சொல்லிவிட்டார். மாலைப் பயணங்களுக்குப் பழைய வண்டி என்றால் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் விற்பவர் இப்போது, ‘ஐம்பது ஆண்டு கடந்துவிட்டதால் வின்டேஜ் பதிவுக்கு மாற்றித் தருகிறேன், மதிப்புக் கூடும்’ என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

அரசலாற்றங்கரை:

வேண்டாம் ஐயா. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை இருபதாயிரம் ரூபாய் கட்டி வின்டேஜாகப் பதியலாம், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். நினைத்தபோதெல்லாம் தரங்கம்பாடிக்குப் போய்வர முடியாது. சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டு ஐந்தாண்டுக்கொருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பியுங்கள். பெங்களூரு போகும்போது அம்பாசடர் மெக்கானிக்கையும் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்ட பிறகு, கர்நாடகப் பதிவை இங்கே மாற்றுவதற்கான தடையின்மைச் சான்றையும் விற்பவர் கையாலேயே வாங்கித் தரச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுங்கள்.