ஸ்காட்டீஸ் பட்டங்கள்: ‘டீம் கனடா’ வென்றதை யார் கணக்கில் சேர்ப்பது?

கனடாவின் தேசிய மகளிர் கர்லிங் (பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிடும் ஆட்டம்) போட்டியான ஸ்காட்டீஸை எந்த மாகாணம் எத்தனை முறை வென்றது என்று 1961 முதல் எக்செலில் பட்டியல் போடுகிறேன். 1984 வரை சிக்கல் இல்லை. 1985 முதல், முந்தைய சாம்பியன் அணி ‘டீம் கனடா’ என்ற பெயரில் நேரடியாக வருகிறது. அதன் சொந்த மாகாணமும் தனியாக ஓர் அணியை அனுப்பும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அணித் தலைவி கொலீன் ஜோன்ஸின் 6 பட்டங்களில் 1982, 1999, 2001 நோவா ஸ்கோஷியா பெயரில் வந்தவை. 2002, 2003, 2004 டீம் கனடா பெயரில். ஜெனிஃபர் ஜோன்ஸுக்கும் 6தான். அவற்றில் 2009, 2010 மட்டும் டீம் கனடா, மீதி மனிடோபா.

டீம் கனடாவுக்குத் தனி வரிசை போட்டுப் பார்த்தேன். நோவா ஸ்கோஷியா கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அது நியாயமாகப் படவில்லை. சரி, சொந்த மாகாணத்திலேயே சேர்த்தால், ஒரே ஆண்டில் அந்த மாகாணத்துக்கு இரண்டு அணிகள் வந்து வெற்றி விகிதம் கெடுகிறது. ஸ்கிப் (அணித் தலைவி) பெயரில் எண்ணினால் வீராங்கனைகள் கணக்கு சரியாக வருகிறது, மாகாணக் கணக்கு அப்படியே நிற்கிறது.

2018 இன்னும் மோசம். பென்டிக்டனில் நடந்த இறுதியாட்டத்தில் மனிடோபாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் தோற்கடித்த கெர்ரி ஐனர்சன், வைல்ட் கார்டில் (மாகாணப் போட்டியை வெல்லாத அணிக்குத் தரும் கூடுதல் இடம்) வந்த இன்னொரு மனிடோபா அணியின் ஸ்கிப்!

விளையாட்டுப் புள்ளிவிவரம் தொகுப்பவர்களே, மாகாணவாரிப் பட்டியலில் டீம் கனடா வெற்றிகளை நீங்கள் எந்த வரிசையில் எழுதுவீர்கள்?