சென்னை – யாழ்ப்பாணம்: 355 கி.மீ.க்கு ஒன்றேகால் மணி நேரமா?

பல்லாவரம்காரன்:
அம்மாவை யாழ்ப்பாணம் அழைத்துப் போக வேண்டும். வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. அவருடைய தங்கை, என் சித்தி, கோண்டாவிலில் இருக்கிறார். இருவரும் நேரில் பார்த்து 34 வருடம் ஆகிறது.

வரைபடத்தில் அளந்து பார்த்தேன். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்க்கோட்டில் சுமார் 355 கி.மீ. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. கொழும்பு 640 கி.மீ.; அதற்கும் ஒன்றரை மணிக்குள்தான். தூரம் ஏறக்குறைய பாதி, நேரம் மட்டும் ஏன் குறையவில்லை? எங்காவது சுற்றிப் போகிறதா? கொழும்பு டிக்கெட் விலையும் குறைவாக இருக்கிறது. எதில் போடலாம்?

ஓடுபாதை:
சுற்றவில்லை. பலாலி ஓடுபாதை நீளம் குறைவு, பெரிய ஜெட் இறங்காது. அங்கே போவது ஏ.டி.ஆர் 72, ப்ரொப்பெல்லர் விமானம், மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம். கொழும்புக்குப் போகும் ஜெட் 800ஐத் தாண்டும். இன்னொன்று, டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, அங்கே போய் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். குறைந்த தூரத்தில் இந்தப் பங்கு பெரிதாகத் தெரியும்.

உரும்பிராய் மகள்:
தம்பி, கொழும்பு வேண்டாம். நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து 19 வருடம். 2016இல் அப்பாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்ததும் கிளம்பினேன். அப்போது பலாலிக்கு இங்கிருந்து விமானம் இல்லை. ஒன்றரை மணியில் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு வேனில் எட்டு மணி நேரம். வவுனியா தாண்டும்போது அப்பா போய்விட்டார் என்று போன் வந்தது. விமான நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறேன்.

2019 நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இப்போது பலாலியில் இறங்கினால் அரை மணியில் எங்கள் வீட்டு முற்றம். கோண்டாவில் அதே பலாலி வீதியில்தான், இன்னும் கொஞ்சம் தள்ளி. அம்மா எட்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார வேண்டியதில்லை.

சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஏ.டி.ஆரில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி சிறியது, கைப்பையைச் சின்னதாக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள். ஜெட் அளவுக்கு உயரமாகப் பறக்காது, மேகத்துக்குள் குலுங்கும், வயதானவர்கள் பயந்துவிடுவார்கள்.

பழைய பயணி:
1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் ஓட்டிய முதல் விமானமே கொழும்பு அருகே உள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். அன்று காங்கேசன்துறை என்று சொன்ன விமான நிலையம் இந்தப் பலாலிதான்.

பல்லாவரம்காரன்:
நன்றி அக்கா. அப்பாவைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. பலாலிக்கே போட்டுவிடுகிறேன், மாசி மாதம். எந்தப் பக்கம் ஜன்னல் கேட்கட்டும்?

உரும்பிராய் மகள்:
போகும்போது வலப்பக்கம். வானம் தெளிவாக இருந்தால் நம் கரை கூடவே வரும். கோடியக்கரை முடிந்ததும் அம்மாவைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கடல், அப்புறம் பனை தெரியும்.